இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம்

1987இல் கேனான் நிறுவனம் தன் பழைய வாடிக்கையாளர்களின் லென்ஸ்களை ஒரே மூச்சில் பழசாக்கியது. அதுவரை விற்றுவந்த எஃப்டி லென்ஸ்கள் அந்த ஆண்டு வந்த இஓஎஸ் பாடிகளில் பொருந்தவில்லை. லென்ஸ் பூட்டும் வளையத்திலிருந்து ஃபிலிம் படுத்திருக்கும் தளம் வரை எஃப்டியில் 42 மி.மீ. தூரம், புதிய இஎஃப் மவுன்ட்டில் 44 மி.மீ. நடுவில் அடாப்டர் போட்டாலும் பழைய லென்ஸ் இருக்கவேண்டிய இடத்தைவிட முன்னால்தான் போய் நிற்கும். தூரத்து மலையோ கோபுரமோ ஃபோகஸில் வராது. வரவைக்க அடாப்டருக்குள் இன்னொரு கண்ணாடி தேவைப்பட்டது. அந்தக் கண்ணாடி படத்தின் தெளிவைத் தின்றது.

கேனான் இதைத் தெரிந்தேதான் செய்தது. ஆட்டோஃபோகஸ் வந்துகொண்டிருந்த காலம் அது. ஃபோகஸ் மோட்டாரை ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் வைத்து, பாடிக்கும் லென்ஸுக்கும் இடையே மின்தொடர்பு மட்டுமே இருக்கும்படி, 54 மி.மீ. அகல வாயுள்ள மவுன்ட்டை அது வகுத்தது. எஃப்டி லென்ஸ்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவர்கள் கொதித்தார்கள். ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் விளையாட்டு மைதானங்களின் ஓரத்தில் கேனானின் வெள்ளை டெலி லென்ஸ்கள் வரிசைகட்டி நின்றன. கம்பெனியின் கணக்கு சரியாக வந்தது. நஷ்டம் வீட்டில் லென்ஸ் வைத்திருந்தவர்களுக்கு.

நிகான் எதிர்த்திசையில் போனது. 1959இல் வந்த எஃப் மவுன்ட்டை 2020இல் வெளியான டி6 வரைக்கும் மாற்றவில்லை. தாத்தாவின் லென்ஸ் பேரனின் பாடியில் உட்காரும் என்பது நிகான்காரர்களின் பெருமை. உட்காரும், சரி. வேலை செய்யுமா என்பது வேறு விஷயம். நிகான் முதலில் ஆட்டோஃபோகஸ் மோட்டாரைப் பாடிக்குள் வைத்திருந்தது. 2006இல் வந்த டி40இல் அளவையும் விலையையும் குறைக்க அந்த மோட்டாரை எடுத்துவிட்டது. பின்னால் வந்த டி3000, டி5000 வரிசைகளிலும் அது திரும்பி வரவில்லை. நம்மூரில் எத்தனையோ பேருக்கு முதல் கேமரா இந்த வரிசைகளில் ஒன்றுதான். அதோடு, மலிவாகக் கிடைத்தது என்று 50 மி.மீ. எஃப் 1.8 ‘டி’ லென்ஸை வாங்கியவர்கள் வளையத்தைக் கையால் திருப்பித்தான் ஃபோகஸ் செய்தார்கள். அதே லென்ஸின் ‘ஜி’ வகைக்கு உள்ளேயே மோட்டார் உண்டு. ஓர் எழுத்து வித்தியாசம். அதைச் சொல்லி விற்ற கடைக்காரர்கள் குறைவு.

தொழில்முறைக்காரர்களுக்கு இவையெல்லாம் செலவுக் கணக்கில் போகும். முகூர்த்த சீசன் ஒன்று நன்றாக அமைந்தால் பையில் உள்ளதை மொத்தமாக மாற்றிவிடலாம். பொழுதுபோக்குக்காகப் படமெடுப்பவரின் பணம் வீட்டுச் செலவிலிருந்து பிரித்த பணம். அவர் பாடியை ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவார். நல்ல லென்ஸை இருபது ஆண்டுகள் வைத்திருப்பார். ஆகவே “எந்தக் கேமரா வாங்கலாம்?” என்று அவர் கேட்பதில் பாதிக் கேள்விதான் இருக்கிறது. அவர் தேர்ந்தெடுப்பது ஒரு மவுன்ட்டை. அந்த வளையத்துக்கு யார் யார் லென்ஸ் செய்கிறார்கள், எந்த விலையில், எந்த எடையில், இன்னும் எத்தனை காலத்துக்கு என்பவைதாம் மீதிப் பாதி. இன்றைய கேமராக்களின் படத்தரத்தில் கம்பெனிக்குக் கம்பெனி பெரிய வேறுபாடு இல்லை. லென்ஸ் விஷயத்தில் இருக்கிறது.

முதலில் சென்சார் அளவைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் கடையில் அதை வைத்துத்தான் பயமுறுத்துவார்கள். ஃபுல் ஃப்ரேம் எனப்படும் 36×24 மி.மீ. இயற்கை விதித்த அளவல்ல. ஜெர்மனியில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலைபார்த்த ஆஸ்கர் பர்னாக், சினிமா ஃபிலிமின் இரண்டு கட்டங்களைச் சேர்த்து ஒரு படமாக்கினார். 1925இல் லைப்சிக் கண்காட்சியில் லைக்கா கேமராவாக அது வெளிவந்தது. பின்னர் உலகமே அந்த அளவுக்கு லென்ஸ் செய்ததால் அது ‘முழுமை’ ஆயிற்று. ஏபிஎஸ்-சி சென்சாரின் அகலம் சுமார் 23.5 மி.மீ.; கேனானில் மட்டும் கொஞ்சம் குறைந்து 22.3. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3×13 மி.மீ. பரப்பில் பார்த்தால் ஃபுல் ஃப்ரேம் 864 சதுர மி.மீ., ஏபிஎஸ்-சி 370க்குச் சற்றுக் கீழே, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 225.

பெரியதுதானே நல்லது? எதைப் படமெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வேடந்தாங்கலில் 20 மீட்டர் தூரத்தில் ஒரு வெண்மார்பு மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பறவையின் நீளம் சுமார் 28 செ.மீ. 400 மி.மீ. லென்ஸை ஃபுல் ஃப்ரேம் பாடியில் போட்டால் அந்தத் தூரத்தில் 1.8 மீட்டர் அகலக் காட்சி படத்தில் விழும்; பறவை ஆறில் ஒரு பங்கு. அதே லென்ஸ் ஏபிஎஸ்-சியில் 1.2 மீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். பறவை நாலில் ஒரு பங்கு. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 87 செ.மீ.; பறவை மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொள்ளும். ஃபுல் ஃப்ரேமில் 45 மெகாபிக்சல் பாடி வாங்கி, எடுத்த படத்தை வெட்டியும் இதே இடத்துக்கு வரலாம். அந்தப் பாடியின் விலையில் மற்ற இரண்டிலும் பாடியும் லென்ஸும் சேர்த்தே வாங்கிவிடலாம்.

எடையும் சும்மா இல்லை. சோனியின் 200-600 மி.மீ. லென்ஸ் 2,115 கிராம். ஒலிம்பஸின் 75-300 மி.மீ. லென்ஸ், அதே 600 மி.மீ. காட்சியைத் தன் சின்ன சென்சாரில் தருவது, 423 கிராம். இரண்டும் சமமில்லை என்பதையும் சொல்லவேண்டும். விடியற்காலை வெளிச்சத்தில் ஒலிம்பஸின் எஃப் 6.7 துளை திணறும், ஐஎஸ்ஓ ஏறும், படத்தில் மணல் தூவினாற்போல் புள்ளிகள் தெரியும். ஆனால் அறுபது வயதுக்கு மேல் பறவை பார்க்கத் தொடங்கும் ஒருவர் இரண்டு கிலோ லென்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கரணைக் கரையில் எத்தனை காலை நடப்பார்? வீட்டில் அலமாரியில் தூங்கும் நல்ல லென்ஸைவிட, கையில் இருக்கும் சுமாரான லென்ஸ் அதிகப் பறவைகளைப் பிடிக்கும்.

மார்கழிக் கச்சேரி இதற்கு நேர் எதிரான சோதனை. சபாவில் மேடை விளக்கு மங்கல்; பாடகரின் கை ஓயாமல் அசைகிறது; ஃப்ளாஷ் கூடாது. இங்கே பெரிய சென்சாருக்கு மதிப்பு உண்டு. ஒரே துளையில், ஒரே வேகத்தில், ஃபுல் ஃப்ரேம் சேர்க்கும் மொத்த ஒளி மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சேர்ப்பதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. அதைவிட முக்கியம் சத்தம். நிரவலின் நடுவே டிஎஸ்எல்ஆரின் கண்ணாடி ‘ப்ளக்’ என்று அடித்தால் முன்வரிசை திரும்பிப் பார்க்கும். கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமராவின் எலக்ட்ரானிக் ஷட்டருக்குச் சத்தமே இல்லை. ஆனால் எல்இடி விளக்குகளின் கீழே அதே ஷட்டர் படத்தில் கோடு கோடாகப் பட்டை போடும், சில விளக்குகளில் மட்டும், சில வேகங்களில் மட்டும். கச்சேரி எடுக்க விரும்புகிறவர் கேமராவை ஒருநாள் வாடகைக்கு எடுத்து அதே சபாவில் சோதித்துவிடுவது நல்லது.

பழங்கோயில்களை எடுப்பவர்களுக்கு வேறு ஒரு கவலை. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில், மாமல்லபுரமோ தஞ்சைப் பெரிய கோயிலோ, ட்ரைபாட் வைக்க முன்அனுமதி வேண்டும். அனுமதி வாங்கிக்கொண்டு போகும் பொழுதுபோக்காளர் யார்? அப்படியானால் இருண்ட மண்டபத்தில் கையில் பிடித்தே நொடியில் எட்டில் ஒரு பங்கு வேகத்தில் எடுக்கவேண்டும். பாடிக்குள்ளேயே சென்சாரை அசைத்து நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி இங்கே உயிர். இதில் ஒலிம்பஸ் நீண்டகாலம் முன்னணியில் இருந்தது. பல கம்பெனிகளின் தொடக்கநிலைப் பாடிகளில் இந்த வசதியை எடுத்துவிட்டே விலையைக் குறைக்கிறார்கள். விளம்பரத்தில் அதைத் தேடினால் கிடைக்காது, விவர அட்டவணையில் தேடவேண்டும்.

மெகாபிக்சலைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. 24 மெகாபிக்சல் படம் 6000×4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 20 அங்குல அகலம் வரும். ஏ4 தாளுக்கு 9 மெகாபிக்சலே போதும். செல்போனில் மட்டும் பார்க்கப்போகும் படத்துக்கு இதில் பாதிகூட வேண்டாம். உண்மையில், செல்போனில் எடுத்து செல்போனிலேயே பார்ப்பதோடு நிறைகிறவருக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. இன்றைய செல்போன் பல படங்களை ஒன்றாகக் கோத்து இரவிலும் நல்ல படம் தருகிறது. தூரம், வேகம், பெரிய அச்சு, லென்ஸ் மாற்றும் ஆசை ஆகியவற்றில் ஒன்றாவது பிடித்தவர்தான் கேமராப் பக்கம் வரவேண்டும்.

அப்படி வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஜப்பானியக் கேமராத் தயாரிப்பாளர் சங்கமான சிப்பாவின் கணக்கில், 2010இல் உலகுக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல். 2020இல் 90 லட்சத்துக்கும் கீழ். போனவற்றில் பெரும்பகுதி சட்டைப்பைக் கேமராக்கள் என்றாலும், அந்த லாபத்தில் நின்ற கம்பெனிகளின் காலும் ஆடியது. மவுன்ட்டுகள் சாவதற்கு இதுவும் ஒரு காரணம். கோனிகா மினோல்டா 2006இல் கேமராத் தொழிலை விட்டபோது, மினோல்டா 1985இல் தொடங்கிய ஏ மவுன்ட் சோனியின் கைக்குப் போனது. சோனி அதைச் சில காலம் நடத்திவிட்டுத் தன் ஈ மவுன்ட்டுக்காகக் கைவிட்டது. சாம்சங் 2010இல் என்எக்ஸ் மவுன்ட்டோடு வந்து, 2014இல் என்எக்ஸ்1 என்ற அருமையான பாடியை வெளியிட்டு, பிறகு சத்தமில்லாமல் கடையைக் கட்டியது. 2011இல் வந்த நிகான் 1 வரிசை 2018இல் முடிந்தது. ஒலிம்பஸின் கேமராப் பிரிவு 2021 தொடக்கத்தில் ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் என்ற தனி நிறுவனமாகக் கைமாறியது. மவுன்ட் மட்டும் தப்பியது.

கேனானின் இஓஎஸ் எம் கதை இவற்றில் தனி. 2012இல் வந்த இந்தச் சிறிய மிரர்லெஸ் வரிசை நன்றாகவே விற்றது. அதன் இஎஃப்-எம் மவுன்ட்டில் லென்ஸ் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே 18 மி.மீ. 2018இல் கேனான் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ்ஸுக்கு ஆர்எஃப் மவுன்ட்டைக் கொண்டுவந்தபோது அங்கே வைத்த தூரம் 20 மி.மீ. எஃப்டிக்கும் இஎஃப்புக்கும் இருந்த அதே 2 மி.மீ., அதே திசையில். இஎஃப்-எம் லென்ஸ் வைத்திருந்தவர் ஆர்எஃப் பாடிக்குப் போக வழியில்லை. 2023இல் எம் வரிசை மூடப்பட்டது. டிஎஸ்எல்ஆரின் இஎஃப் லென்ஸ்களுக்கு மட்டும் கேனான் நல்ல அடாப்டர் கொடுத்தது, 44 மி.மீ. தூரத்தை 20ஆகக் குறைத்ததால் இடையில் 24 மி.மீ. வெறும் குழாய் போதுமானதாயிற்று. முப்பது ஆண்டுப் பழைய இஎஃப் லென்ஸும் ஆர்எஃப் பாடியில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்கிறது. பழைய எஃப் மவுன்ட் லென்ஸ்களைத் தன் மிரர்லெஸ் பாடிகளில் பூட்ட நிகான் கொடுத்த எஃப்டிஇசட் அடாப்டரில் மோட்டார் கிடையாது. அந்த ‘டி’ லென்ஸ்காரர்கள் இங்கேயும் கையால்தான் திருப்ப வேண்டும்.

மவுன்ட் செத்துப்போனால் கேமரா நின்றுவிடாது என்பதையும் கவனிக்கவேண்டும். லென்ஸ் நேற்றுக் கொடுத்த படத்தை நாளையும் கொடுக்கும். விழுவது மறுவிற்பனை விலைதான். விற்கிறவனுக்கு அது நஷ்டம், வாங்குகிறவனுக்கு யோகம். மிரர்லெஸ் அனுப்புகை டிஎஸ்எல்ஆரை முந்தியது 2020இல்; கேனானும் நிகானும் அந்த ஆண்டுக்குப் பிறகு புதிய உயர்மட்ட டிஎஸ்எல்ஆர் எதையும் வெளியிடவில்லை. அதற்குப் பிறகு இஎஃப், எஃப் மவுன்ட் லென்ஸ்களின் செகண்ட் ஹேண்ட் விலை இறங்கிக்கொண்டேயிருக்கிறது. கல்லூரி மாணவர் ஒருவர் கையில் இருப்பது முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ என்றால், புதிய மிரர்லெஸ் பாடியும் மொக்கையான கிட் லென்ஸும் வாங்குவதைவிட, பழைய டிஎஸ்எல்ஆரும் இரண்டு நல்ல லென்ஸும் வாங்குவதே புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன். பேட்டரி விஷயத்திலும் டிஎஸ்எல்ஆர் கெட்டி: நிகான் டி7500 ஒரு சார்ஜில் 950 படம் எடுக்கும் என்று கம்பெனியே சொல்கிறது, மிரர்லெஸ் இசட்50க்கு 300 சொச்சம்.

இனி, உயிரோடிருக்கும் மவுன்ட்டுகள். இங்கே நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்த மவுன்ட் மற்றவர்களுக்கும் திறந்திருக்கிறதா?

சோனி 2010இல் ஈ மவுன்ட்டைத் தொடங்கிய மறு ஆண்டே அதன் தொழில்நுட்ப விவரத்தை மற்ற லென்ஸ் கம்பெனிகளுக்குக் கொடுத்தது. அப்போது லென்ஸ் கையிருப்பு குறைவாக இருந்த கம்பெனி அது. தாராளம் தேவையிலிருந்து வந்தது. 2013இல் ஏ7 மூலம் ஃபுல் ஃப்ரேமும் அந்த மவுன்ட்டுக்கு வந்தது. 2018இல் டாம்ரான் ஈ மவுன்ட்டுக்கு 28-75 மி.மீ. எஃப் 2.8 லென்ஸை 550 கிராமில், கம்பெனி லென்ஸின் பாதிக்கும் குறைந்த விலையில் கொண்டுவந்தபோது நிலைமை மாறிவிட்டது. இன்று சிக்மா, டாம்ரான், சீனாவின் வில்ட்ராக்ஸ் என்று எல்லாரும் ஈ மவுன்ட்டுக்கு லென்ஸ் செய்கிறார்கள். ஏபிஎஸ்-சிக்கான சிக்மாவின் 18-50 மி.மீ. எஃப் 2.8 லென்ஸின் எடை வெறும் 290 கிராம். கல்யாணம், சுற்றுலா, வீட்டுக் குழந்தைகள் எல்லாவற்றையும் அந்த ஒரு லென்ஸால் எடுத்துவிடலாம். சோனியின் தொடக்கநிலை பாடிகளைக் கையில் பிடிக்க எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. விரலுக்கு இடமில்லாத பிடி, குழப்பமான மெனு. இருந்தும் லென்ஸ் பட்டியலைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கேனான் ஆர்எஃப் விஷயத்தில் கதவைச் சாத்திக்கொண்டது. வில்ட்ராக்ஸ் ஆர்எஃப்புக்கு ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களை விற்றுவந்தது. 2022இல் கேனான் தலையிட அவை கடையிலிருந்து மறைந்தன. 2024இல்தான் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் அனுமதி கிடைத்தது, அதுவும் முதலில் ஏபிஎஸ்-சி லென்ஸ்களுக்கு மட்டும். கேனானின் சொந்த லென்ஸ்களோ இரண்டு துருவம்: ஒருபக்கம் சிவப்பு வளையம் போட்ட, லட்சங்களில் விலைபோகும் எல் வரிசை, மறுபக்கம் துளை சிறுத்த மலிவு லென்ஸ்கள். நடுத்தர வீட்டுக்கான நடு லென்ஸ்தான் குறைவு. நியாயமாகச் சொன்னால் அந்த மலிவுப் பக்கத்தில் சில அதிசயங்கள் உண்டு. 635 கிராம் எடையுள்ள 100-400 மி.மீ. லென்ஸ் அதில் ஒன்று. ஆர்7 போன்ற ஏபிஎஸ்-சி பாடியோடு சேர்த்தால் பறவை பார்ப்பவர்களுக்கு ஏற்ற ஜோடி. 160 கிராம் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும் எல்லாருக்கும் எட்டும்.

நிகான் இசட் மவுன்ட் இரண்டுக்கும் நடுவில். 55 மி.மீ. அகல வாய், 16 மி.மீ. தூரம். ஃபுல் ஃப்ரேம் மவுன்ட்டுகளில் இத்தனை குறுகிய தூரம் வேறெதிலும் இல்லை. இதில் ஒரு வேடிக்கையான பலன் உண்டு. சோனி ஈ மவுன்ட்டின் தூரம் 18 மி.மீ.; ஆகவே 2 மி.மீ. தடிமனுள்ள அடாப்டர் போட்டு சோனிக்காகச் செய்த லென்ஸ்களை நிகான் பாடியில் ஆட்டோஃபோகஸோடு பயன்படுத்தலாம். கேனான்காரர்களை இருமுறை வஞ்சித்த அந்த அளவு இங்கே உபகாரம் செய்கிறது. சிக்மா, டாம்ரான் லென்ஸ்களும் நிகானின் உரிமத்தோடு இசட்டுக்கு வரத்தொடங்கிவிட்டன. கைப்பிடியும் மெனுவும் புதியவர்களுக்கு நிகானில்தான் எளிது என்பது என் அபிப்பிராயம். ஏபிஎஸ்-சிக்கென்று நிகானே செய்த லென்ஸ்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதுதான் குறை.

ஃபியூஜிஃபில்ம் ஃபுல் ஃப்ரேம் பக்கமே போகவில்லை. 2012இல் எக்ஸ்-ப்ரோ1 வந்த நாளிலிருந்து ஏபிஎஸ்-சியையே முழுமையாக நம்பி லென்ஸ் செய்தது. அதற்கு மேலே போனபோது நேராக இன்னும் பெரிய சென்சாருக்குத் தாவியது. அதனால் அளவான சென்சாருக்கு அளவான லென்ஸ் வேண்டும் என்பவருக்கு இங்கேதான் ஒழுங்கான வரிசை இருக்கிறது, 35 மி.மீ. எஃப் 2 லென்ஸ் 170 கிராம்தான். தெருவில் படமெடுப்பவர்கள் ஃபியூஜியை விரும்புவதற்குக் காரணம் அதன் பழைய பாணி டயல்கள் மட்டுமல்ல, ஃபிலிம் நிறங்களை ஒத்த ஜேபெக் படங்களும்தான். ஞாயிற்றுக்கிழமையைக் கம்ப்யூட்டர் முன்னால் கழிக்க விரும்பாதவருக்கு இது பெரிய உபகாரம். வேகமாக ஓடுகிற, பறக்கிற விஷயங்களில் அதன் ஆட்டோஃபோகஸ் சோனிக்கும் கேனானுக்கும் பின்தங்கியே நிற்கிறது.

லைக்கா, பானசோனிக், சிக்மா மூவரும் 2018இல் கைகோத்த எல் மவுன்ட் நல்ல யோசனை. நம்மூரில் கைக்குக் கிடைப்பது அரிது. பென்டாக்ஸ் 1975இன் கே மவுன்ட்டையும் டிஎஸ்எல்ஆரையும் இன்னும் விடாமல் வைத்திருக்கிறது. அதன் ரசிகர்களுக்கு என் ஆலோசனை தேவைப்படாது. 1954இன் லைக்கா எம் மவுன்ட் லென்ஸ் இன்றைய எம் பாடியிலும் பூட்டும், அந்த நிலைத்தன்மைக்கு வாங்கும் விலை வேறு உலகம்.

இந்தக் கம்பெனிச் சுவர்களையெல்லாம் மதிக்காத ஒருவர் சென்னையில் இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் மட்டுமே எடுத்த அவர், வெவ்வேறு இடத்துப் பாகங்களை இணைத்துத் தானே கோத்த கேமராவுக்கு ‘சூப்பர் பான்டரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். எது தேவை என்று தெரிந்த மனிதர், எவர் செய்தது என்று பார்க்கவில்லை. மின்தொடர்பும் சாஃப்ட்வேரும் லென்ஸுக்குள் புகுந்துவிட்ட இந்தக் காலத்தில் அப்படிக் கோர்ப்பது நடக்காது. கையால் ஃபோகஸ் செய்யத் தயாரானால் கொஞ்சம் நடக்கும்: மிரர்லெஸ் பாடிகளின் தூரம் குறைவு என்பதால், 1987இல் கேனான் கைவிட்ட எஃப்டி லென்ஸ்கள் உட்பட ஏறக்குறைய எல்லாப் பழைய லென்ஸுக்கும் வெறும் குழாய் அடாப்டர் கிடைக்கிறது. மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் துழாவும் குணமுள்ளவர்களுக்கு இது தனிப் போதை.

நிறத்தைப் பற்றிய சண்டைகள் பெரும்பாலும் வீண். ‘கேனான் நிறம்’, ‘சோனி நிறம்’ என்று அடித்துக்கொள்கிறார்கள். ஆர்ஏடபிள்யூ கோப்பில் எடுத்தால் அதில் பெரும்பகுதியை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒன்றைச் சோதிக்கவேண்டும். ஃபிலிம் காலத்தில் கோடாக் தன் ஆய்வகங்களுக்கு அனுப்பிய, ‘ஷெர்லி’ என்று பெயர்பெற்ற நிற அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்களின் முகமே இருந்தது. அதற்கேற்பச் சரிசெய்யப்பட்ட அச்சில் கறுத்த முகங்கள் சேறாகின. இன்றைய கேமராக்கள் எவ்வளவோ தேறிவிட்டன. இருந்தாலும் கடையில் சுவரில் தொங்கும் விளம்பரப் படத்தை நம்பாமல், உங்கள் வீட்டு மனிதர்களின் மாநிறத்தையும் கறுப்பையும் உச்சி வெயிலில், ஜன்னலுக்கு எதிரே உட்காரவைத்து எடுத்துப் பாருங்கள். முகத்தைத் தானாக வெளுக்கவும் வழவழப்பாக்கவும் செய்யும் வசதி இருந்தால் அதை அணைத்துவிட்டு எடுங்கள்.

விவர அட்டவணையில் வராத இன்னொரு அம்சம், ஊர். மதுரையிலோ திருநெல்வேலியிலோ இருப்பவருக்கு, பக்கத்துத் தெருக் கல்யாண ஃபோட்டோகிராஃபர் எந்த மவுன்ட் வைத்திருக்கிறார் என்பது முக்கியம். அவசரத்துக்கு லென்ஸ் இரவல் கிடைப்பது அவரிடம்தான். வாடகைக் கடைகளும் அவரை நம்பி நடப்பவை. ஆகவே அங்கே கிடைப்பது கேனான், நிகான், சோனி. ஃபியூஜியும் ஒலிம்பஸின் வாரிசான ஓஎம் சிஸ்டமும் சென்னை, பெங்களூரைத் தாண்டினால் தேடித்தான் பிடிக்கவேண்டும். சர்வீஸ் சென்டரும் அப்படியே. நண்பர்கள் நாலு பேர் ஒரே மவுன்ட்டில் இருந்தால் நாலு லென்ஸ் பதினாறாகும் என்பது நான் எந்த விமர்சனத்திலும் படிக்காத, ஆனால் மிகப் பெரிய லாபம்.

பர்மா பஜாரிலும் அதன் இன்றைய வாரிசுகளான ஆன்லைன் குழுக்களிலும் பில் இல்லாமல், இந்திய வாரன்ட்டி இல்லாமல் கேமரா மலிவாகக் கிடைக்கும். லென்ஸ் விஷயத்தில் அந்த ரிஸ்க்கை எடுக்கலாம். பாடி விஷயத்தில் வேண்டாம், பழுதாகும் மின்பலகைகளில் பெரும்பாலானவை பாடிக்குள்தான் இருக்கின்றன. செகண்ட் ஹேண்ட் பாடி என்றால் ஷட்டர் கவுன்ட் கேளுங்கள். தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் ஷட்டர்கள் 1 லட்சம் முறை தாங்கும் என்று சோதிக்கப்பட்டவை; ஒரு கல்யாண சீசனில் ஒரு கேமரா எவ்வளவு ஓடியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

எல்லாவற்றையும் வைத்துப் பார்க்கும்போது என் தேர்வு இப்படி வரும். குடும்பம், பயணம், கொஞ்சம் எல்லாமும் என்பவருக்கு சோனி ஏபிஎஸ்-சி பாடியும் சிக்மா 18-50 லென்ஸும். கைக்குப் பிடிக்கவில்லையென்றால் அதே லென்ஸை ஃபியூஜிக்கோ ஆர்எஃப்புக்கோ வாங்கிக்கொள்ளலாம். பறவைக்காரருக்குக் கேனான் ஆர்7, தோள் வலிக்காரராக இருந்தால் ஓஎம். கோயிலும் சிற்பமும் எடுப்பவருக்கு உள்நடுக்கக் கட்டுப்பாடு உள்ள எதுவும். பட்ஜெட் குறைந்த மாணவருக்குப் பழைய டிஎஸ்எல்ஆர். ஃபுல் ஃப்ரேம் வேண்டுமா என்று கேட்பவரிடம், கச்சேரி எடுப்பீர்களா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

எந்த மவுன்ட்டானாலும் நம் கடற்கரை ஊர்களில் லென்ஸுக்கு எமன் பூஞ்சைதான். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நீண்டநாள் நின்றால் கண்ணாடியில் சிலந்தி வலைபோல் படரத்தொடங்கும். விட்டுவிட்டால் மேற்பூச்சையே அரித்துவிடும். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி அந்த ஈரம் உண்டு. பழைய லென்ஸ் வாங்கும்போது துளையை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பூஞ்சை தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். கேமராப் பையிலேயே லென்ஸை மாதக்கணக்கில் பூட்டிவைப்பது பூஞ்சைக்குத் தொட்டில் கட்டுவது. ஈரப்பதத்தை 40க்கும் 50க்கும் நடுவில் வைத்திருக்கும் ட்ரை கேபினெட் மின்சாரத்தை அதிகம் குடிப்பதில்லை. அதற்குப் பணம் இல்லையென்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், சில நூறு ரூபாய்க்கு ஒரு ஈரப்பத மானி. ஜெல்லின் நிறம் மாறியதும் சட்டியில் வறுத்துத் திரும்பப் போடலாம். வறுக்கும் சட்டியைச் சமையலுக்குத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.